அத்தையின் அறையில் ஒரு குளிர்காலம்

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துவிட்டது. "புல்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். விடாமல் துருவுகிறவர்களுக்கு மட்டும் மீதியைச் சொல்வேன். குளிர் நாடுகளில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஒரு தீவனப் புல், அதில் ஒரு ரகம் கோடை வந்ததும் தூங்கிவிடும், அதைத் தூங்கவைக்கும் மரபணுக்கள் எவை என்று தேடுகிறேன் என்பேன். கேட்டவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாம்பரத்துலயா?" என்பார்.

நியாயமான கேள்விதான். நானே என் வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கிற மனிதர். நகைச்சுவை உண்டு, ஆனால் சிரிக்க மாட்டார். "வெளிநாட்டுக்காரன் கரண்டைச் செலவழிச்சு கோடையை உண்டாக்கறான்மா. நமக்கு அது ஓசியில கிடைக்குது" என்றார். குளிரைத்தான் நாம் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தூக்கம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. தண்ணீர் இல்லாமல் எந்தப் புல்லும் காயும். எங்கள் பக்கத்துக் காலி மனைகளில் சித்திரையில் பழுப்பாகக் கிடப்பதெல்லாம் ஒரு மழை விழுந்தால் தலை நிமிர்ந்துவிடும். அது வெறும் தாகம். என் புல் அப்படியில்லை. தொட்டி மண் ஈரமாகவே இருக்கும். தினமும் நீர் ஊற்றுவோம். ஆனாலும் பகல் நீண்டு சூடு ஏறியதும் அது இலைகளை நுனியிலிருந்து காயவிட ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் தொட்டியில் வைக்கோல்தான் நிற்கும். குருத்து மட்டும் அடித்தாளின் உறைக்குள் உயிரோடு இருக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எழுந்திருக்காது. பகல் சுருங்கி, குளிர் தட்டினால்தான் எழும்.

அதே புல்லின் இன்னொரு ரகம், மழை அதிகம் பெய்யும் வடக்குப் பக்கத்திலிருந்து வந்தது, கோடையிலும் தண்ணீர் கொடுத்தால் பச்சையாகவே நிற்கும். தூங்குவதையும் தூங்காததையும் கலந்து, பிறந்தவற்றை மறுபடி தங்களுக்குள் கலந்து, பேரப்பிள்ளைத் தலைமுறையைத் தொட்டி தொட்டியாக வளர்த்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி மாதிரி இது சுத்தமாகப் பிரியாது. சில முழுத் தூக்கம், சில அரைத் தூக்கம், சில தாமதமாகத் தூங்கும், சில கண்ணையே மூடாது. அதாவது பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை. அதில் ஏதாவது ஒன்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. சீக்கிரம் பூக்கிற செடிகள்தான் சீக்கிரம் தூங்குகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது.

எங்கள் துறையில் இதைக் கேட்டுவிட்டு ஒரு சக ஆசிரியை, "வாழ்க்கையும் அப்படித்தானே மேடம், சில பேர் தூங்கிட்டு அப்புறம் எழுந்துக்கறாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புல்லைப் புல்லாக இருக்க விடமாட்டார்களா என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன்.

வீட்டில் யாரும் அப்படித் தத்துவம் பேசவில்லை. கணவர் நாவலூரில் வேலை பார்க்கிறார். என் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்டால் "புல்லு டிபார்ட்மென்ட்" என்பார். மாமியார் மாடம்பாக்கத்துப் பழங்குடும்பம். கோயிலுக்குப் பின்னால் அவர்களுக்கு இருந்த நிலமெல்லாம் மனையாகி, வீடாகி, மாடியும் எழும்பி, இப்போது மேல் போர்ஷனில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் நெல் வயலில் களை எடுத்தவர். நான் நாற்பதை நெருங்கும் வயதில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது அவர் மாடிவீட்டு அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"புல்ல புடுங்கிப் புடுங்கியே என் கைரேகை தேஞ்சு போச்சு. இவ இன்னாடான்னா அத்த தொட்டியில வெச்சு தண்ணி ஊத்திகினு கீறா."

எனக்கும் அத்தைக்கும் பெரிய சண்டை எதுவும் கிடையாது. சின்னச் சண்டைகள் தினமும் உண்டு. டிவி சத்தம், குளியலறையில் முடி, நான் காயும் துணியை மழைக்கு விட்டுவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கு வராது, ஆனால் எதையும் மறக்க மாட்டார்.

ஆராய்ச்சியின் கடைசி வருடம் அது. கெடுவை ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. இன்னொரு முறை நீட்டிக்க மாட்டார்கள். இலையிலிருந்து மரபணு எடுக்கும் வேலையெல்லாம் முன்பே முடித்திருந்தேன். எது எவ்வளவு தூங்கியது என்பதும் கையில் இருந்தது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: தூங்கியவற்றில் எது எழுகிறது, எப்போது எழுகிறது. எழவில்லை என்றால் தூங்கியது தூக்கமா சாவா என்று யாராலும் சொல்ல முடியாது. அது இல்லாமல் ஆய்வேடும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கல்லூரியில் செடி வளர்க்கிற எங்கள் குளிரறையின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற சின்ன அறை. குளிர் நின்றது, ஆனால் விளக்குகள் நிற்கவில்லை. மூடிய அறையில் சனி, ஞாயிறு முழுக்க எரிந்திருக்கின்றன. திங்கள் காலை கதவைத் திறந்ததும் கீரை வெந்த வாசனை வந்தது. கோடையிலும் பச்சையாக நின்றவை எல்லாம் வெந்து சாய்ந்திருந்தன. தூங்கிக்கொண்டிருந்தவை நான் விட்டுப்போன மாதிரியே வைக்கோலாக நின்றன. அவை உயிரோடு இருக்கின்றனவா இல்லையா என்பது வெளியே தெரியாது. ஒரு தொட்டியின் அடித்தாளைப் பிளேடால் பிளந்து பார்த்தேன். உள்ளே பழுப்பு. ஆனால் அது அந்தத் தொட்டியின் கதை மட்டும்தான். எல்லாவற்றையும் பிளந்து பார்த்தால் எல்லாவற்றையும் நானே கொன்றதாகும்.

"ரிப்பேருக்கு எழுதிப் போடறேன்" என்றார் என் வழிகாட்டி சார். சொல்லிவிட்டு மேற்கூரையைப் பார்த்தார். எழுதிப் போட்டால் எத்தனை மாதம் ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோயம்பேட்டில் ஆப்பிள் வைக்கிற குளிர்சாதன குடோனில் இடம் கேட்கலாமா என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. பழங்களிலிருந்து வரும் வாயு செடிக்கு ஆகாது என்று எரிந்து விழுந்தேன். அப்போது அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"என் ரூம்ல ஏசி கீதே."

எங்கள் வீட்டில் ஏசி அந்த ஒரு அறையில் மட்டும்தான். போன வருடம் வெயிலில் அத்தைக்கு மயக்கம் வந்து, டாக்டர் சொல்லி வைத்தது. மத்தியானம் சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த சொகுசு என்று சொன்னால் அதுதான்.

"அத்தை, பதினாறுல வெக்கணும். பகல்லயும் ராத்திரியும். ஜன்னலை மூடிடணும். நாளைக்கு நாளானிக்கு முடியற வேலை இல்ல."

"வெய்யி."

"நீங்க எங்க படுப்பீங்க?"

"ஹால்ல. ஃபேன் கீது இல்ல."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை.

மறுநாள் தொட்டிகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலையூர் வழியாக வந்தேன். டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், வைக்கோலா? எங்க மாடு வெச்சிருக்கீங்க?" என்றார். கேம்ப் ரோடு சிக்னலில் அவர் திரும்பவும் கேட்டார். செத்த செடி என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார்.

அத்தையின் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு வைத்தோம். ஜன்னலுக்குப் பழைய போர்வையை ஆணியடித்தோம், பகல் வெளிச்சம் வராதபடி. காலையில் எரிந்து சாயங்காலத்துக்கு முன்னால் அணைகிற மாதிரி விளக்குகளுக்கு டைமர் வைத்தேன். வெளியே ஆடிப் புழுக்கம். ஆடியில் காற்றடிக்கும் என்பார்கள். எங்கள் தெருவில் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிய பிறகு அந்தக் காற்று வேறு எங்கோ போய்விட்டது. ஹாலில் ஃபேன் சூட்டைத்தான் சுழற்றியது. அதற்கு அடியில் அத்தை பாய் விரித்துப் படுத்தார். காலையில் எழுந்தால் ரவிக்கை முதுகு நனைந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்றவாளி மாதிரி இருக்கும். அப்படி இருப்பதாலேயே இன்னும் சிடுசிடுவென்று பேசுவேன்.

நான் கல்லூரிக்குப் போகிற பகலில் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பதினாறு டிகிரி ஆகாது. முழங்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் மார்கழிக்கு என்று எடுத்து வைத்திருந்த மங்கி குல்லாவைப் போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, சொம்போடு உள்ளே போவார். ஊரே வியர்வையில் நனைந்துகொண்டிருந்த ஒரு நாள் மாடிவீட்டு அக்கா படியிறங்கி வந்து அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டார். நான் சமையலறையில் இருந்தேன்.

"ஆன்ட்டி, செத்துப் போன புல்லுக்கா ஏசி?"

"செத்துச்சா தூங்குதான்னு பாத்துகினு கீறோம்" என்றார் அத்தை.

பாத்துகினு கீறோம். அந்த 'றோம்' எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என் வேலையில் வேறு யாரும் தன்னைச் சேர்த்துக்கொண்டு பேசியதில்லை. கணவர் உட்பட.

தினமும் காலையில் முதல் வேலையாக செல்போன் வெளிச்சத்தை அடித்து ஒவ்வொரு தொட்டியின் அடியையும் பார்ப்பேன். எதுவும் இல்லை. வாரங்கள் ஓடின. ஏசி தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பிடிக்க வைத்த பக்கெட் நிரம்பிக்கொண்டே இருந்தது. தொட்டிகளில் மட்டும் அசைவே இல்லை. முழுத் தூக்கக்காரத் தகப்பன் ரகத்தை நான் முதன்முதலில் எழுப்பியபோது இவ்வளவு நாள் ஆகவில்லை. எனக்குள் நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. ஆவணி பிறந்ததும் விடைத்தாள் திருத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் பார்க்காமல் போனேன். மறுநாளும் போகவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது.

"அத்தை, அவ்வளவுதான். நாளைக்கு எல்லாத்தையும் குப்பை வண்டியில போட்டுடறேன். உங்க ரூமை நீங்க எடுத்துக்குங்க" என்றேன்.

"பண்டிகை வருது. கழியட்டும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"புள்ளையார் வூட்டுக்கு வர நேரத்துல யாராவது தொட்டி தொட்டியா வெளிய தூக்கிப் போடுவாங்களா? அப்பால போடு."

செத்த செடிக்கு நாள் நட்சத்திரம் பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சல். ஏசி ஓடுவது வேறு தண்டம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. பண்டிகை சமயத்தில் வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று கணவர் கேம்ப் ரோட்டில் களிமண் பிள்ளையாரும் குடையும் எருக்கம்பூ மாலையும் அருகம்புல் கட்டும் வாங்கி வந்தார். அத்தை விடியும் முன்பே குளித்துவிட்டு அலங்காரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கொழுக்கட்டைத் தட்டை இறக்கிவைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தேன். அத்தை கற்பூரத்தை ஏற்றித் தட்டை என் கையில் கொடுத்தார். சுற்றும்போது பிள்ளையாரின் தலையைப் பார்த்தேன்.

அருகம்புல்லை எனக்குத் தெரியாதா? ஒல்லி இலை, கணுக்கணுவான தண்டு, மங்கின பச்சை. தலையில் சாத்தியிருந்தது முழுக்க அதுதான். ஆனால் கிரீடத்துக்குப் பக்கத்தில் தனியாக மூன்று இலைகள் செருகியிருந்தன. கொஞ்சம் அகலம். நீலம் கலந்த பச்சை. நடுவில் பாதியாக மடித்த காகிதம் மாதிரி மடிப்பு. மூன்றும் அடியில் நகத்தால் கிள்ளியவை. அந்த மடிப்பு இந்த ஊரில் வேறு எந்தப் புல்லிலும் கிடையாது. எனக்குக் கை நின்றுவிட்டது.

"சுத்தும்மா, அணையப் போவுது" என்றார் அத்தை.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

தட்டை என் கையிலிருந்து வாங்கி அவரே சுற்றி முடித்தார். தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் காட்டினார். அப்புறம்தான் பேசினார்.

"நேந்துகினேன். இதுங்க எழுந்துகிச்சுன்னா மொத புல்லு உனக்குதான்னு. எழுந்துகிச்சு. குடுத்துட்டேன்."

"எப்போ எழுந்துச்சு?"

"நீ பாக்கறத விட்டே இல்ல, அதுக்கு மக்காநாளு."

மறுநாளே. அப்படியானால் நான் குப்பை வண்டி என்று சொன்ன நேரத்தில் அது முளைத்திருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா அத்தை? நான் அழுதுகிட்டு இருந்தேன்."

"நேந்துகினத முடிக்காம வெளிய சொல்லுவாங்களா? சொன்னா நீ இன்னா பண்ணுவே? கத்திரிய எடுத்துகினு வருவே. அன்னிக்கு ஒரு தபா இங்க கொண்டாந்து நறுக்கி, ஐஸ் பொட்டியில போட்டு எடுத்துகினு போனியே. புள்ளையாருக்கு அப்பறம் மிச்சம் இன்னா கீது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. கத்தரிக்கோலைத்தான் எடுத்திருப்பேன்.

"வேரோட பிடுங்கிட்டீங்களா?"

"நான் இன்னா மாடா? நகத்தால கிள்ளினேன். மூணே எலை."

அறைக்குள் ஓடினேன். பீரோவுக்குப் பின்னால், என் கண்ணில் படாதபடி, ஒரு தொட்டி தள்ளி வைக்கப்பட்டிருந்தது. வைக்கோலுக்கு நடுவில் மூன்று பச்சைக் கட்டைகள், விரல் நகம் அளவுக்கு. அதன் அடையாள எண்ணைப் பார்த்தேன். ஆழமாகத் தூங்கியவற்றில் ஒன்று. மற்றத் தொட்டிகளின் அடியை விரலால் விலக்கிப் பார்த்தேன். ஒன்றில் ஊசி முனை மாதிரி ஒரு பச்சை. இன்னொன்றில் ஒன்று. அந்தப் பக்கம் இரண்டு. குளிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று தெரியாமல் அத்தையைக் கூப்பிட்டேன். அவர் மங்கி குல்லாவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் வந்தார். பட்டுப்புடவை, குல்லா. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"கொழுக்கட்ட ஆறுது. வந்து துன்னு" என்றார்.

பிறகு வந்த வாரங்களில் எழ வேண்டியவை எல்லாம் எழுந்தன. முழுத் தூக்கக்காரர்களில் பெரும்பாலானவை பிழைத்தன. அரைத் தூக்கக்காரர்களில் பெரும்பாலானவை போய்விட்டன. தூங்காதவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் இருக்கும்போதே இலையை உதறிவிட்டவைதான் அந்தச் சூட்டைத் தாண்டின. பிழைத்தவற்றின் மரபணுக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் தூக்கக்கார ரகத்திலிருந்து வந்த ஒரே துண்டு இருந்தது. பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கிற இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில். என் பழைய சந்தேகம் வீண் இல்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "விபத்து பரிசோதனை ஆகாதும்மா. விதை எடுத்து மறுபடி செஞ்சு காட்டணும். ஆனா ஆய்வேட்டுக்கு இது போதும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

புல் நுனியில் வளர்வதில்லை, அடியிலிருந்து வளரும். கிள்ளிய இலை கிள்ளிய இடத்தோடு நிற்காது. அடி வளர வளர, கிள்ளின முனை மேலே போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தொட்டியில் புதிதாக வந்தவை எல்லாம் கூராக இருக்க, நடுவில் மூன்று மட்டும் தலை மழுங்கி உயரமாக நின்றன. போட்டோவைப் பார்த்த சார் அதைத்தான் முதலில் பிடித்தார்.

"இது ஏன் இப்படி? பூச்சியா?"

"இல்ல சார். எங்க மாமியாரோட நேர்த்திக்கடன்."

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். விதை எடுப்பதை அந்தத் தொட்டியிலேயே தொடங்கச் சொன்னார்.

அதற்கு இன்னும் மாதக்கணக்கில் குளிர் வேண்டும். தை வரைக்கும் ஹாலில்தான் படுக்க வேண்டியிருக்கும் என்று அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்கழியில ஏசி எதுக்கு எனக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து, "வெத வருமா அதுல?" என்று கேட்டார்.

"வரும் அத்தை."

"அப்ப மொத வெத யாருக்குன்னு நேந்துக்கட்டும்?"

"எனக்கு" என்றேன்.

முறத்தை ஒரு தரம் புடைத்தார். "சரி, மொதல்ல நீ எடுத்துக்கோ. நான் புள்ளையாராண்ட பேசிக்கறேன்" என்றார்.